சின்னவளுக்குச் சாய்ந்த தரை

பூனைக்காகத் தரை சாய்ந்த அந்தக் காம்பவுண்டு, மதுரையில் வைகையின் வடகரையில், அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்தது, இப்போதும் இருக்கிறது, போய்ப் பார்க்க நினைப்பவர்கள் வாசலில் உள்ள இரண்டு கல்படிகளைக் கவனித்து ஏற வேண்டும். உள்ளே போனால் நடுவில் ஒரு முற்றம், முற்றத்தின் மத்தியில் ஓர் அடிகுழாய், அதைச் சுற்றி ஓர் அறையும் ஓர் அடுப்படியுமாக வரிசை வீடுகள், எல்லா வீட்டு வாசலும் குழாயைப் பார்த்தபடி இருக்கும். காலையில் குடத்துக்காக ஒருவர் கொண்டையை ஒருவர் பிடித்து உலுக்கிவிட்டு, சாயங்காலம் அதே கையால் கருவாட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தனுப்பும் சனங்கள். கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் நல்லவர்கள் என்று சொல்லச் சொன்னால் வாயை மூடிக்கொள்வேன்.

கிழக்கு ஓரத்து வீட்டில் ஜெயக்கொடி இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கிற வேலை. அவளுக்கு வடிவு என்று ஒரு தங்கை இருந்தாள், பிறந்ததிலிருந்தே கையும் காலும் சொன்ன பேச்சு கேட்காது, ஓரடி எடுத்து வைத்தால் உடம்பு இடப்பக்கமாகச் சரியும். அதனால் ஜெயக்கொடி எப்போதும் தங்கைக்கு இடப்பக்கம் நடப்பாள், வடிவு அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டே கடைக்கும் கோயிலுக்கும் போய்வருவாள், இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் ஒரே ஆள் மாதிரிதான் தெரியும். வாசலில் உள்ள அந்த இரண்டு படிகள்தான் வடிவுக்கு எமன். படியை இடித்துவிட்டுச் சிமெண்டால் ஒரு சரிவு போட்டுக் கொடுங்கள் என்று ஜெயக்கொடி கேட்டாள், காம்பவுண்டுச் சொந்தக்காரராக அங்கேயே குடியிருந்த குழந்தைவேலுவிடம் கேட்டாள், பக்கத்து வீட்டு அமராவதியிடம் கேட்டாள், வாசலில் வண்டி நிறுத்துகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். சரிவு போட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்றார்கள், வண்டி வழுக்கும் என்றார்கள், ஒரு ஆளுக்காக ஊரே சாய முடியுமா என்று குழந்தைவேலு சிரித்துக்கொண்டே கேட்டார். அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு மழைநாளில் வடிவு தனியாக அந்தப் படியில் இறங்கப் பார்த்து, தலை கல்லில் மோதிச் செத்துப்போனாள். காம்பவுண்டே அழுதது. படி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஆடியில், ஆஸ்பத்திரி சமையல்கட்டுக்குப் பின்னால், தாய்ப்பூனை மற்ற குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விட்ட இடத்தில், ஒரே ஒரு வெள்ளைக்குட்டி மட்டும் தலையை இடப்பக்கம் சாய்த்தபடி எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருப்பதை ஜெயக்கொடி பார்த்தாள். கேண்டீன்காரர்கள் அதை விட்டுவிடச் சொன்னார்கள், எப்படியும் செத்துவிடும் என்றார்கள். பூனை வளர்க்கிற இளம் டாக்டரம்மா ஒருத்தி குனிந்து அதன் கண்ணையும் காலையும் பார்த்துவிட்டு, "மூளையில பின்பக்கம் சரியா வளரலைம்மா. அதான் நிதானம் கிடைக்கல. அதுக்கு வலியெல்லாம் இல்ல, இதனால சாகவும் செய்யாது. ஆனா சரியும் ஆகாது, இப்படியேதான் இருக்கும்" என்றாள்.

"இப்படியே இருந்தாப் போதும்மா" என்று ஜெயக்கொடி அதை முந்தானையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். சின்னவள் என்று பேர் வைத்தாள்.

அமராவதி வாசலிலேயே மறித்தாள். "ஏன்க்கா, ஊருல நல்ல பூனையே இல்லையா? இருந்த ஒண்ணைத் தூக்கிச் சுமந்தது பத்தாதா?"

"எனக்குத் தூக்கித்தான் பழக்கம்" என்றாள் ஜெயக்கொடி.

சின்னவள் வளர்ந்தது. நேராக நடக்க வராது, நடந்தால் இடப்பக்கம் வட்டமடிக்கும், அப்படி அடிகுழாயை இடப்பக்கம் வைத்து அதையே சுற்றிச் சுற்றி வரும், பத்தடிக்கு ஒரு தடவை விழும், எழுந்து உதறிக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போல மறுபடி நடக்கும். இடம் சுற்றுகிறது, சுடுகாட்டில் கொள்ளிக்குடம் சுற்றுகிற மாதிரி சுற்றுகிறது, காம்பவுண்டுக்கு ஆகாது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் அதன் பின்னாலேயே தள்ளாடி நடந்து காட்டிச் சிரித்தார்கள். அமராவதியின் புருஷன் சோலைச்சாமி மட்டும், காலையிலேயே குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவன், அதைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை.

அவன்தான் முதலில் கண்டான். சின்னவள் விழப்போகும்போது அதன் இடப்பக்கத் தரை, கையளவு இடம், பைய எழுந்து அதன் விலாவுக்கு முட்டுக் கொடுத்தது, பூனை நிலைப்பட்டதும் மறுபடி படுத்துக்கொண்டது. "ஏய், தரை எந்திரிச்சுப் புடிக்குதுடி!" என்று அவன் கத்தினான், குடிகாரன் கண்ணுக்குத் தரை எழும்புவது புதிதா என்று அமராவதி உள்ளேயிருந்தே ஏசினாள். ஆனால் குழாயடியில் குடத்தோடு நின்றவர்களும் சாயங்காலத்துக்குள் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய் உலை வைத்தார்கள், ஏனென்றால் உலை வைக்கிற நேரம் அது.

பூனை நாளெல்லாம் சுற்றியது, தரை நாளெல்லாம் எழுந்து படுத்தது, எழுந்து படுத்துச் சலித்துப்போன தரை கடைசியில் படுக்காமலேயே நின்றுவிட்டது, குழாய் இருந்த நடுப்பக்கம் மேலேறி, வீடுகள் இருந்த ஓரம் கீழே இறங்கி, முற்றம் முழுவதும் கவிழ்த்துப்போட்ட தோசைக்கல்லாக ஆகிவிட்டது. சின்னவளுக்கு இப்போது இடப்பக்கம் எப்போதும் மேடு. விழாமல் நடந்தது, வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது, குழாயைச் சுற்றி ராணி மாதிரி வந்தது. ஓரமெல்லாம் இறங்கியதில் வாசலும் இறங்கி, அந்த இரண்டு கல்படிகளும் மண்ணுக்குள் போய், முற்றமும் தெருவும் ஒன்றோடொன்று வழவழவென்று சேர்ந்துவிட்டன. காலையில் வேலைக்குக் கிளம்பிய ஜெயக்கொடி படி இருந்த இடத்தில் கால் வைத்து, படி இல்லாததைக் கண்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பூனைக்குச் சாய்ந்து கொடுத்த மண் என் தங்கச்சிக்கு ஏன் சாயவில்லை என்று மண்ணை அடித்து அழுதாள். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்! வீடெல்லாம் பின்பக்கம் சரிந்திருந்ததால் கட்டிலின் பின்கால்களுக்குச் செங்கல் வைத்தார்கள், செங்கல் வழுக்குகிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டு வாசல் பக்கத்துக் கால்களை அறுத்துவிட்டார்கள், பீரோவுக்கும் நாற்காலிக்கும் பலகைக்கும் அப்படியே செய்தார்கள். அடுப்பில் குழம்பு ஒருபக்கம் கூடிக்கொதிக்கிறது என்று அடுப்பைச் சாய்த்துக் கட்டினார்கள். முன்பெல்லாம் குழாயடியில் பச்சையாகத் தேங்கிக் கிடந்த சாக்கடை இப்போது தானாக வடிந்து பின்தெருக் காம்பவுண்டுக்குள் போனது, அவர்கள் சண்டைக்கு வந்தபோது, போய்ப் பூனையிடம் கேளுங்கள் என்று குழந்தைவேலு மீசையை நீவினார். சோலைச்சாமி அந்த முற்றத்தில் குடித்துவிட்டு நேராக நடந்தான், அமராவதி அதைப் பார்த்துக் குலசாமிக்குப் பொங்கல் வைத்தாள். அவர்களுடைய கடைக்குட்டி பவி அந்தச் சரிவில்தான் முதலடி எடுத்து வைத்தது, பூனைக்குப் பின்னால் குழாயைச் சுற்றியே நடை பழகியது.

எல்லாருடைய உடம்பும் குழாயை நோக்கிச் சாயப் பழகிற்று. வெளியே போனாலும் அந்தச் சாய்வு போகவில்லை, பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் சரிந்து நிற்பவர்களைப் பார்த்தால் நீங்கள் அந்தக் காம்பவுண்டா என்று விசாரித்தார்கள், அப்படிக் கேட்கும்போது இவர்களுக்குப் பெருமையாக இருந்தது. பூனையை இப்போது யாரும் ஏசுவதில்லை. நெத்திலித் தலையும் பால் ஏடும் வீட்டுக்கு வீடு வைத்தார்கள், வெள்ளிக்கிழமையில் அதன் நெற்றியில் பொட்டு வைத்தார்கள். எங்கள் பூனை என்றார்கள். எங்கள் பூனை என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் ஜெயக்கொடி அதை முந்தானையில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

குழந்தைவேலுவின் மகள் மேகலாவைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து ஆட்கள் வந்தது அப்போதுதான். பாய் விரித்து உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தவர்கள் பேசப் பேசப் பின்சுவரை நோக்கி வழுக்கிப் போனார்கள், கேசரித் தட்டு அவர்களுக்கு முன்னால் போய்ச் சுவரில் முட்டியது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நிற்கப் பார்த்துப் புரண்டு விழுந்தாள். மேகலா காபித் தட்டோடு வந்தாள், அந்த வீட்டில் நடக்கிறபடி சாய்ந்துதான் வந்தாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதை யார் பார்த்தார்கள்?

"பொண்ணு என்னங்க, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நடக்குது? முன்னாடியே சொல்லியிருக்கணும்ல" என்று அந்தம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"தரைதாங்க சாய்வு, பொண்ணு நேருதான்" என்றார் குழந்தைவேலு.

"தரை சாய்ஞ்ச வீட்டுலயா எங்க பையன் வந்து விருந்துக்கு உக்காருவான்?" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

மறுநாள் குழாயடியில் கூடினார்கள். ஜெயக்கொடி வேலைக்குப் போயிருந்தாள், அவள் போகட்டும் என்றுதான் காத்திருந்தார்கள். குமரிப்பிள்ளைகள் இருக்கிற காம்பவுண்டு என்றார் குழந்தைவேலு, இன்றைக்கு என் மகளுக்கு நடந்தது நாளைக்கு உங்கள் மகளுக்கு என்றார். பூனையைக் கொல்வது பாவம், அதனால் ஊர் வழக்கப்படி சாக்கில் போட்டு, மூன்று சுற்றுச் சுற்றி, ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட வேண்டும், சுற்றிவிட்டால் பூனைக்கு வந்த வழி மறந்துவிடும். பிறந்ததிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிற பூனைக்கு இன்னும் மூன்று சுற்று என்ன செய்துவிடும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சின்னவள் வேற்றாள் கைக்கு வராது, அமராவதி கைக்கு வரும். அமராவதி நெத்திலியைக் காட்டிக் கூப்பிட்டாள். அது தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தது. சாக்கைத் தூக்கிப் போகிற வேலை சோலைச்சாமிக்கு, பகலில் வேறு வேலை இல்லாதவன் அவன் ஒருவன்தான்.

சாயங்காலம் வந்த ஜெயக்கொடி வீட்டுக்குள் தேடினாள், குழாயைச் சுற்றித் தேடினாள், ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டாள். எல்லாரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்கள். சோலைச்சாமிதான் தாங்கமாட்டாமல் எழுந்து வந்தான்.

"நாந்தான்க்கா கொண்டுபோய் விட்டேன். ஆத்துக்கு நடுவுல மணல்ல சாக்க அவுத்துவிட்டேன். வெளிய வந்துச்சு, ஒருக்கா விழுந்துச்சு. அப்பறம் மணலு அதுக்கு இடப்பக்கமா எந்திரிச்சுக் குடுத்துச்சுக்கா, சாஞ்சுக்கிட்டே அக்கரைக்குப் போயிருச்சு. எம்பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. பின்னாடியே போகலாம்னு பாத்தேன், போதையில விழுந்துட்டேன். என் காலுக்கு மண்ணு எந்திரிக்கல."

ஜெயக்கொடி அவனை அடிக்கவில்லை. அமராவதியின் வாசலில் போய் நின்று, "உன் கையாலயா புடிச்சுக் குடுத்த?" என்று மட்டும் கேட்டாள். அமராவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயக்கொடி அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் ஆற்றங்கரையெல்லாம், கருவேலங்காடெல்லாம், சின்னவளே சின்னவளே என்று கூப்பிட்டுக்கொண்டு அலைந்தாள். ஆற்றில் இருந்த கொஞ்சத் தண்ணீர் ஒருபக்கமாகச் சரிந்து ஓடிக்கொண்டிருந்தது. பூனை கிடைக்கவில்லை.

ஒரு விடியற்காலையில் தரை பழையபடி மட்டமாகிவிட்டது. சத்தமில்லை, அதிர்வில்லை, நடு இறங்கி ஓரம் ஏறி, மண்ணுக்குள் போன கல்படிகள் இரண்டும் மேலே வந்து உட்கார்ந்துகொண்டன. குடம் எடுத்து வந்தவர்கள் எல்லாரும் குழாயை நோக்கிக் குப்புற விழுந்தார்கள். முதலில் சிரித்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள், அதற்கப்புறம் சிரிக்கவில்லை. கால் அறுத்த கட்டிலில் படுத்தவர்கள் வாசலுக்கு உருண்டு வந்தார்கள். அடுப்பில் வைத்தது எல்லாம் கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களை வெளியே குடிகாரக் காம்பவுண்டு என்றார்கள். குழந்தைவேலு தன் வாசல் படியிலேயே விழுந்து முன்பல் இரண்டைப் பறிகொடுத்தார். மேகலா நடப்பதையே விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். பவிக்கு மட்டத்தரையில் நடக்கவே தெரியவில்லை, ஓரடி வைக்கும், விழும், விழுந்த இடத்திலிருந்து தரையைக் கையால் தட்டித் தட்டிப் பார்க்கும். டாக்டர்கள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றுவிட்டு விழுந்தார்கள்.

ஜெயக்கொடி விழவில்லை. சாய்ந்தவளோடு நேராக நடந்து பழகிய உடம்பு அது.

அவள் வாசலில் எல்லாரும் வந்து நின்றார்கள், நின்றார்கள் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "நடந்தது நடந்துபோச்சும்மா, மனசுல வச்சுக்காத" என்றார் குழந்தைவேலு, பல்லில்லாத வாயில் காற்றுப் போனது. "அதே மாதிரி ஒரு பூனை எங்கிட்டாவது ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கான்னு பாரு."

"படிய இடிங்கன்னு எம்புட்டு நாளு உங்க காலைச் சுத்துனேன்?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? பூனை வந்து தரை சரியாயிட்டாப் படி தானா உள்ள போயிரும். எதுக்கு வெட்டியா ஒரு வேலை?"

ஜெயக்கொடி கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூனையை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அரிசி ஆலையில் ஈன்ற குட்டிகளில் ஒன்றை எடுத்து வந்து, சாக்கில் போட்டுத் தினமும் சுற்றினார்கள், மூன்று சுற்றில் ஒன்றுமாகவில்லை என்று முப்பது சுற்றினார்கள், வெளியே விட்டால் அது கொஞ்சம் தள்ளாடிவிட்டு நேராக ஓடியது. பிறகு ஒரு மத்தியானம் யாரோ அம்மிக்குழவியை எடுத்தார்கள். யார் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால், எடுத்தது ஒரு கைதான், பிடித்துக்கொண்டது பல கை என்பார்கள். சாயங்காலம் ஜெயக்கொடி வேலைவிட்டு வந்தபோது, புதுத்துண்டில் சுற்றிய குட்டியை அமராவதி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். சாம்பல் நிறக் குட்டி. காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது. தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"யக்கா, உன் கையால விடு. உன் கைக்குத்தான் மண்ணு கேக்கும். எம்புள்ள நடக்கணும்க்கா" என்று அமராவதி அழுதாள்.

ஜெயக்கொடி குட்டியையும் பார்த்தாள், அமராவதியையும் பார்த்தாள், சுவரைப் பிடித்து நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள். தூ என்று ஒரு தடவை துப்பினாள். அப்புறம் குட்டியை வாங்கி முந்தானையால் காதைத் துடைத்துவிட்டு, குழாயடியில் இறக்கிவிட்டாள்.

குட்டி ஓரடி வைத்தது. இடப்பக்கம் விழுந்தது. தரை கிடந்தபடியே கிடந்தது. எழுந்தது, மறுபடி விழுந்தது, கத்தக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்தது. ஜெயக்கொடி முதுகை வளைத்துக் குனிந்து, அதன் இடப்பக்கமாக உள்ளங்கையை நிறுத்தி வைத்தாள். குட்டி அதில் சாய்ந்தது. சாய்ந்துகொண்டு ஓரடி வைத்தது, கையும் ஓரடி நகர்ந்தது, இரண்டாமடி வைத்தது, கையும் நகர்ந்தது, இப்படியே அவள் குனிந்த முதுகு நிமிராமல் குழாயைச் சுற்றி அதை நடத்திக்கொண்டு வந்தாள்.

காம்பவுண்டு முழுவதும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அமராவதியும் தரையைத்தான் பார்த்தாள், காலடியில் விழுந்து கிடந்த பவி அவள் சேலையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்ப்பது அவளுக்குத் தெரியவில்லை.

"ஜெயக்கொடி, கையக் கொஞ்சம் எடும்மா" என்றார் குழந்தைவேலு. "மண்ணு எந்திரிக்கிதா இல்லையான்னு தெரியல. கை மறைக்குது."